இன்னாசி அத்தான் தேர்ந்தெடுத்த பெட்டி

ஞாயிற்றுக்கிழமை மூன்று மணி என்றால் நான் அக்கா வீட்டில் இருப்பேன். எங்களை அறிந்தவர்களுக்கு இது தெரியும். போன மாதம் ஒரு ஞாயிறு மட்டும் தவறிப்போனது. கிளியரிங் ஏஜென்ட் வேலைக்கு ஞாயிறு, திங்கள் என்ற பேதமெல்லாம் கிடையாது. அன்று ஒரு லாரியின் காகிதத்தில் முத்திரை விழாமல் துறைமுக வாசலில் நின்றுகொண்டிருந்தேன். வெயில் தணிந்து கடல்காற்று ஏறுகிற நேரம். செலின் அக்காவிடமிருந்து போன் வந்தது.

"ஏல சந்தியாகு, அத்தான் எந்திக்க மாட்டேங்காவ."

"தூங்குவாவக்கா. விடு."

"பாட்டு முடிஞ்சு நேரமாச்சுல. பாட்டு நின்னா அவிய கண்ணு முழிச்சிருவாவல்லா."

அக்கா அழவில்லை. ஒரு சந்தேகம் கேட்பது போலத்தான் சொன்னாள். ஆனால் எனக்கு அந்த இடத்திலேயே விளங்கிவிட்டது. நான் போய்ச் சேர்ந்தபோது இன்னாசி அத்தான் தன் நாற்காலியில், ஜன்னலைப் பார்த்த முகத்தோடு, கண்மூடி இருந்தார். ஆம்ப்ளிஃபயரின் மஞ்சள் விளக்கு எரிந்துகொண்டிருந்தது. ஸ்பீக்கர்களிலிருந்து சத்தமே இல்லை. சத்தமில்லாத அந்த அறையிலும் அவர் எதையோ கேட்டுக்கொண்டிருப்பதாகவே எனக்குப் பட்டது. தொட்டு எழுப்ப மனம் வராமல் கொஞ்ச நேரம் நின்றேன்.

அடக்கத்துக்கு வந்தவர்களில் பாதிப் பேர் அவருடைய காதைப் பற்றித்தான் பேசினார்கள். "சளியோட சங்கு குளிக்கப் போயி, எடது காது சவ்வு கிழிஞ்சு போச்சு. அதுக்குப் பெறகு கடல்ல எறங்கல, பாவம்" என்று யாரோ யாருக்கோ சொல்லிக்கொண்டிருந்தார். நானும் பக்கத்தில் நின்று தலையாட்டினேன். முப்பத்தோரு வருடமாக ஆட்டுகிற தலை, பழக்கத்தில் தானே ஆடியது.

அவருக்குச் சளி இல்லை. காது போனது என்னால். அவரை அறிந்த உங்கள் எல்லோருக்கும் அதைச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

எங்கள் பக்கத்தில் குளியாளிக்குக் கயிறு பிடிப்பது மைத்துனன் வேலை. காலில் கல் கட்டிக் கடலுக்குள் இறங்குகிறவனின் உயிர், வள்ளத்தில் நிற்பவனின் கையில் இருக்கிறது. பெண்டாட்டியின் தம்பி என்றால் தன் அக்கா தாலி அறுவதைப் பார்க்கமாட்டான் என்று கணக்கு. மற்றவர்களெல்லாம் முகமூடி மாட்டிக்கொண்டு சும்மா பாய்ந்து இறங்க ஆரம்பித்துவிட்ட காலத்திலும், அத்தான் கல்லோடும் கயிறோடும்தான் இறங்குவார். "கயிறு இருந்தாத்தான் மேல ஆளு இருக்குன்னு தோணும்" என்பார். அப்போது எனக்கு இருபத்திரண்டு வயது. கயிற்றைப் பிடித்து, அவர் காது அடைப்பு நீங்க நீங்க, நிதானமாக விடவேண்டும். ஒரு இழுப்பு வந்தால் நிறுத்தவேண்டும். இரண்டு இழுப்பு வந்தால் தூக்கவேண்டும்.

அந்த வருடம் என் சிநேகிதன் ஒருவனின் டேப்ரிக்கார்டர் என்னிடம் இருந்தது. ஊரில் நான்தான் பெரிய பாட்டுக்காரன் என்று எனக்கு நினைப்பு. அன்று வள்ளத்திலேயே அதை வைத்து, தண்டு என்கிற துடுப்பை வலிக்கும்போது பாடும் அம்பா பாட்டை என் இஷ்டத்துக்குக் கட்டிப் பாடிப் பதிவு செய்துகொண்டிருந்தேன். அத்தான் நீரில் இறங்கி வள்ளத்தின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு, சிரித்தபடி கேட்டார். பிறகு தலையசைத்து உள்ளே போனார். நான் பாட்டை முடித்த திருப்தியில், டேப் ஓடுகிறதா என்று குனிந்து பார்த்தேன். கை தளர்ந்தது. கயிறு விறுவிறுவென்று ஓடியது. நான் பிடிப்பதற்குள் கல் அடிக்குப் போய்விட்டது. அத்தான் மேலே வந்தபோது இடது காதிலிருந்து ரத்தம் வழிந்தது.

கரையில் கூட்டம் கூடி என்ன ஆச்சு என்று கேட்டதும், நான் வாயைத் திறப்பதற்கு முன் அவரே சொன்னார். "சளி புடிச்சிருந்துச்சு. எறங்கியிருக்கக் கூடாது." நான் வாயை மூடிக்கொண்டேன். அவருக்கு நடந்தது தெரியாது, உள்ளே வலியில் ஒன்றும் புரிந்திருக்காது என்று நினைத்தேன். அப்படி நினைப்பது எனக்குச் சௌகரியமாக இருந்தது. அதற்குப் பிறகு நான் பாடவில்லை. அது ஒரு பெரிய தியாகம் என்றுகூடச் சில காலம் எண்ணிக்கொண்டிருந்தேன், மடையன்.

அத்தான் துறைமுகத்தில் டேலி கிளார்க் ஆனார். கன்டெய்னர் நம்பரைப் பார்த்துத் தாளில் குறிக்கும் வேலை. கப்பல்காரர் ஒருவரிடம் ஜப்பான் ஆம்ப்ளிஃபயர் ஒன்று வாங்கினார். ஆள் உயரத்துக்கு இரண்டு ஸ்பீக்கர்கள் வந்தன. ஒற்றைக் காது வைத்துக்கொண்டு எதற்கு இந்த ஆடம்பரம் என்று யார்டில் எல்லோருக்கும் சிரிப்பு. "அண்ணாச்சி, ஒரு ஸ்பீக்கர எங்களுக்குத் தந்திருங்க, ஒங்களுக்கு ஒண்ணு போதும்லா" என்று ஒருவர் சீண்டினார். அத்தான் தாளிலிருந்து தலையைத் தூக்காமல், "ரெண்டு கண்ணு இருக்கவனெல்லாம் ரெண்டு படமாய்யா பாக்கான்?" என்றார்.

அவர் பாட்டுக் கேட்பதைப் பார்த்தவர்கள் மறக்கமாட்டார்கள். நாற்காலியைப் பக்கவாட்டில் போட்டு, வலது காதை ஸ்பீக்கர் பக்கம் கொடுத்து, ஜன்னல் வழியே வருகிற காற்றை முகத்தில் வாங்கிக்கொண்டு உட்காருவார். கண் பாதி மூடியிருக்கும். திரைச்சீலை மெல்ல ஏறி இறங்கும். நாகஸ்வரம் அந்த அறைக்குள் எங்கோ ஆழத்திலிருந்து வருவது போல இருக்கும். நானும் அக்காவும் பக்கத்தில் இருந்தாலும் அவர் மட்டும் வேறொரு நீருக்குள் இருப்பார். நேரம் போவதே தெரியாது. கோவில் மணி அடிக்கும்போதுதான் மூன்று பேரும் ஊருக்குத் திரும்புவோம்.

போன வருடம் அவருடைய சிடி பிளேயர் படுத்துவிட்டது. நான் எல்லாத் தட்டுகளையும் லேப்டாப்பில் ஏற்றிக்கொடுத்து, ஹெட்போன் துளையிலிருந்து ஒயர் இழுத்து ஆம்ப்ளிஃபயரில் மாட்டினேன். அத்தான் ஒரு நிமிஷம் கேட்டார்.

"மாப்ள, நாகஸ்வரத்துக்குப் பின்னால யாரு வெங்காயம் வதக்குதா?"

உண்மைதான். சரசரவென்று ஒரு இரைச்சல். அப்போதுதான் டாக் என்கிற டிஜிட்டல்-அனலாக் கன்வர்ட்டர் எங்கள் வாழ்க்கைக்குள் வந்தது. லேப்டாப்பில் பாட்டு என்று இருப்பது வெறும் எண்கள். அந்த எண்களை வாங்கி மறுபடி ஓசையாக்கி ஆம்ப்ளிஃபயருக்குக் கொடுக்க ஒரு தனிப்பெட்டி வேண்டும். லேப்டாப்புக்குள்ளேயே அந்த வேலைக்கு ஒரு சின்னச் சில்லு உண்டு, அதன் லட்சணம்தான் வெங்காயம். நான் இதை விளக்கியதும் அத்தான், "சிப்பி எல்லாருக்கும் ஒண்ணுதான் மாப்ள. தொறக்கவன் கையிலதான் இருக்கு" என்றார்.

பிறகு மூன்று மாதம் அந்த மனிதர் வேறெதையும் பேசவில்லை. பழைய டேலி தாள்களின் பின்பக்கத்தில் கட்டம் போட்டு, ஒவ்வொரு பெட்டியின் பெயரையும், கேட்டவர்கள் சொன்னதையும் குறித்தார். 'இனிப்பு அதிகம்.' 'சுத்தம், ஆனால் வறட்சி.' 'சூடாகும்.' டாக் எல்லாம் ஒன்றுதான், வித்தியாசம் கேட்பவனின் மனப்பிராந்தி என்று சொன்னவர்களும் உண்டு. அதற்கும் ஒரு கட்டம் போட்டார். சென்னைக் கடை ஒன்றுக்குப் போன் செய்தார். அந்தப் பையன், கண்ணை மூடினால் பாடகர் நடுவில் நிற்பார், வயலின் இடது பக்கம், மிருதங்கம் வலது பக்கம் என்று வர்ணித்துக்கொண்டே போனான். அத்தான் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "தம்பி, எனக்கு எல்லாரும் ஒரு பக்கந்தான் நிப்பாவ. பாடுதவுக மூச்சு எடுக்கது கேக்குமா, அத மட்டும் சொல்லுங்க" என்றார். எனக்கு நெஞ்சில் முள் தைத்தது. இப்படி அவர் தன் காதைப் பற்றிச் சிரித்துப் பேசும்போதெல்லாம் தைக்கிற முள் அது.

கடைசியில் இரண்டு பெட்டிகள் மிஞ்சின. ஒன்று சின்னது, எனக்குத் தெரிந்த ஒருவரிடம், பிடித்தால் விலைக்கே எடுத்துக்கொள்ளலாம் என்று இரவல் வாங்கியது. இன்னொன்று தடித்த அலுமினியப் பெட்டி, பிடிக்காவிட்டால் திருப்பித் தரலாம் என்ற பேச்சில் தபாலில் வந்தது. பாட்டு வராத வரை அது தூங்கும், பாட்டு வந்தால் விழித்துச் சூடாகும். இரண்டையும் கேட்டு ஒன்றை வைத்துக்கொள்வது என்று முடிவாயிற்று. எது ஓடுகிறது என்று தெரிந்தால் மனம் ஏமாற்றிவிடும் என்று, கண்ணில் துண்டைக் கட்டிக்கொண்டார். ஒரு சணலின் முனையைத் தன் விரலில் சுற்றி, மறுமுனையை என் மணிக்கட்டில் கட்டினார்.

"ஒரு இழுப்புன்னா பெட்டிய மாத்து. ரெண்டு இழுப்புன்னா நிறுத்து. வாயால பேசாத, ஓம் பேச்சுலயே நான் கண்டுபுடிச்சிருவேன்."

"இதுக்கு அக்காளக் கூப்புடுங்களேன், அத்தான்."

"கயிறு புடிக்க மச்சினன்தான வேணும்" என்றார். துண்டுக்குக் கீழே அவர் வாய் சிரித்தது.

முதல் ஞாயிறு ஒழுங்காகவே நடந்தது. நாகஸ்வரம், கோவில் பாடகர் குழு, பழைய படப்பாட்டுகள் என்று ஓட்டினோம். லேப்டாப்பில் ஒரு இடத்தில் தட்டி, ஆம்ப்ளிஃபயரின் குமிழைத் திருப்பினால் பெட்டி மாறிவிடும். சின்னப் பெட்டி எல்லாவற்றையும் கொஞ்சம் மழுப்பி, மெத்தென்று தந்தது. அலுமினியப் பெட்டி ஒன்றையும் மறைக்கவில்லை. நாகஸ்வரக்காரர் உட்கார்ந்த பலகை முனகியதுகூடக் கேட்டது. அத்தான் இழுத்தார், நான் மாற்றினேன். முடிவு சொல்லாமல் எழுந்துவிட்டார்.

இரண்டாம் ஞாயிறு ஒரு பென்டிரைவைக் கொடுத்து, "இதையும் போடு" என்றார். பழைய கேசட்டை யாரிடமோ கொடுத்து மாற்றி வாங்கியதாம். போட்டேன். ஓடியது சின்னப் பெட்டி. முதலில் நீர் பலகையில் அறைகிற சத்தம். பிறகு ஒரு இளவட்டத்தின் குரல்.

ஆழம் ஒண்ணும் ஆழமில்ல,
அக்கா வீடு தூரமில்ல,
அத்தானுக்குக் கடலுக்குள்ள...

அந்தக் குரல் என்னுடையது என்று புரிய எனக்கு இரண்டு வரி ஆயிற்று. அந்த டேப் எங்கே போனது என்று நான் தேடியதே இல்லை. கடலில் விழுந்திருக்கும் என்று நம்பியிருந்தேன். பாட்டு முடிந்ததும், இரைச்சலுக்கு அடியில், மங்கலாக, மர விளிம்பில் எதுவோ உரசி ஓடியது. சின்னப் பெட்டியில் அது காற்று என்று சொன்னால் காற்றுதான். ஆனால் பலகையின் முனகலையே காட்டிக்கொடுத்த அந்த அலுமினியப் பெட்டி இதைச் சும்மா விடுமா? என் மணிக்கட்டில் ஒரு இழுப்பு வந்தது. குமிழைத் திருப்புவது போல டக்கென்று சத்தம் எழுப்பி, உடனே பழைய இடத்துக்கே திருப்பினேன். மறுபடி இழுத்தார். மறுபடி அதையே செய்தேன். மூன்றாம் ஞாயிறு அந்தப் பதிவை மட்டும் போட்டோம், அதே கதை. "எது நல்லா இருக்கு மாப்ள?" என்று கேட்டபோது, "ரெண்டும் ஒண்ணு போலத்தான் அத்தான் இருக்கு. சின்னதே போதும்" என்றேன். கயிறு பிடிக்கிற கை இரண்டாம் முறையும் அவரை ஏமாற்றியது.

அத்தான் துண்டை அவிழ்த்தார். எழுந்து போய் அலுமினியப் பெட்டியின் தலையில் கையை வைத்தார். காய்ச்சல் பார்ப்பது போலக் கொஞ்ச நேரம் வைத்திருந்தார்.

"இது இன்னும் முழிக்கவே இல்லியே, மாப்ள."

அடுப்பங்கரையில் அக்கா எதையோ அரைத்துக்கொண்டிருந்தாள். மிக்சி ஓய்கிறவரை நான் பேசவில்லை. ஓய்ந்த பிறகு, குரலைத் தாழ்த்தி எல்லாவற்றையும் சொன்னேன். குனிந்து டேப்பைப் பார்த்தது, கை தளர்ந்தது, கயிறு ஓடியது, இத்தனை வருடமாக வாயை மூடிக்கொண்டிருந்தது. அழுகை வந்தது. ஐம்பது தாண்டிய ஆள், சணல் கட்டிய கையால் மூக்கைத் துடைத்துக்கொண்டு அழுதேன்.

"தெரியும்லா" என்றார் அத்தான். "காதுல பஞ்ச வச்சிப் படுத்துக் கெடந்த பத்து நாளும் வள்ளத்துல கெடந்த அந்த டேப்பத்தான எடுத்துப் போட்டுக் கேட்டேன். கயிறு ஓடுத சத்தம் அதுல நல்லாவே இருக்கு."

"பெறகு ஏன் அத்தான் சளின்னே சொன்னீய?"

அவர் அடுப்பங்கரைப் பக்கம் ஒரு முறை பார்த்தார். "ஒங்க அக்காவுக்குப் புருஷனும் வேணும், தம்பியும் வேணும்லா."

அவ்வளவுதான் சொன்னார். நான் முப்பத்தோரு வருடம் சுமந்ததை அவர் அதே முப்பத்தோரு வருடம் தெரிந்துகொண்டே பக்கத்தில் நடந்திருக்கிறார். என் கல்யாணத்துக்கு அவர்தான் முன்னின்றார். என் பிள்ளைக்கு ஞானத்தகப்பன் அவர். ஒரு நாள், ஒரு சுடுசொல், ஒரு குத்தல்? யோசித்து யோசித்துப் பார்க்கிறேன், இல்லை.

அப்படியானால் எதற்கு இந்தப் பெட்டி, எதற்கு இந்தத் தேடல் என்று கேட்டேன். கொஞ்சம் கூச்சத்தோடுதான் சொன்னார்.

"நீ பாடும்போது நான் தண்ணிக்குள்ள நின்னு கேட்டேன் பாத்தியா, என் ரெண்டு காதும் சேந்து கேட்ட கடைசிப் பாட்டு அதுதான். அதுல கடைசிச் சொல்லு மட்டும் டேப்புல வெளங்கல. அத்தானுக்குக் கடலுக்குள்ள... என்னது? எனக்கும் மறந்துபோச்சு. நல்ல பெட்டியாப் போட்டா கேக்குமான்னு பாத்தேன்."

எனக்கும் அந்தச் சொல் நினைவில்லை. அந்த நேரத்துக்கு வாயில் வந்ததைக் கட்டிப் பாடிய பாட்டு அது. அன்றுதான் முதல்முறையாக அலுமினியப் பெட்டியில் அந்தப் பதிவைப் போட்டேன். அறைக்குள் கடல் வந்துவிட்டது. வள்ளம் அசைவது, தண்டிலிருந்து நீர் சொட்டுவது, தூரத்தில் யாரோ இருமுவது எல்லாம் கேட்டது. திரைச்சீலை எழும்பி அமர்ந்தது. ஒரு கணம் நான் எந்த வருடத்தில் இருக்கிறேன் என்று எனக்கே விளங்கவில்லை. கடைசிச் சொல் வரும் இடத்தில் ஒரு அலை பளீரென்று பலகையில் அறைந்தது. சொல் அதற்குள் போய்விட்டது. டேப்பில் ஏறாத ஒன்றை எந்தப் பெட்டியாலும் கொண்டுவர முடியாது. தொடர்ந்து கயிறு ஓடியது. என் காதுக்குள்ளேயே ஓடியது. நான் தலையைக் குனிந்துகொண்டேன்.

அத்தான் முகத்தில் ஏமாற்றம் இல்லை. "அலையா அது!" என்றார். "டேப்பு தேஞ்சு போச்சுன்னுல்லா இத்தன வருஷமா நெனச்சேன். கடலே எடுத்துக்கிட்டா நாம என்ன செய்ய?" பிறகு டேலி தாளை எடுத்து, அலுமினியப் பெட்டிக்கு நேரே ஒரு டிக் போட்டார். "இதே இருக்கட்டும். இருக்கத இருக்கபடி சொல்லுது." சின்னப் பெட்டியை மறுநாளே திருப்பிக் கொடுத்தேன். சொல் கிடைக்காவிட்டால் என்ன, நீயே இன்னொரு தரம் பாடேன் என்று கேட்டார். முடியாது என்றேன். அவர் வற்புறுத்தவில்லை. பாடியிருக்கலாம்.

அதன் பிறகு ஆறு ஞாயிற்றுக்கிழமைகள்தான் எங்களுக்கு மிச்சம் இருந்தன. அது அப்போது தெரியாது. ஒவ்வொரு வாரமும் கடைசியாக அந்தப் பதிவைப் போடச் சொல்வார்.

அடக்கம் முடிந்த இரண்டாம் வாரம் அக்காவிடம் சொன்னேன். அவர் அவளுக்காகத்தான் மறைத்தார், அவர் போன பிறகு மறைப்பதற்கு எனக்கு உரிமை இல்லை என்று தோன்றியது. தம்பியும் வேண்டாம் என்று அவள் சொன்னால் அதை வாங்கிக்கொள்ளத் தயாராகத்தான் போனேன். அக்கா முழுக்கக் கேட்டாள். முகம் மாறவே இல்லை.

"மொத்தத்துல ரெண்டு பேருமாச் சேந்து என்னைய வெளியில நிறுத்திட்டீய" என்றாள்.

எழுந்து உள்ளே போய்விட்டாள். பதினொரு நாள் என் போனை எடுக்கவில்லை. பன்னிரண்டாம் நாள் அவளே கூப்பிட்டாள்.

"முப்பதாம் நாள் பூசைக்கு நினைவு மலர் அடிக்கணும்லா. நீதான் எழுதணும். ஒண்ணும் மறைக்காம எழுது. ஓம் பேரப் போட்டு எழுது."

"சரிக்கா."

"சளின்னு சொன்னது அவியதான். எதுக்குச் சொன்னாவன்னும் எழுது."

எழுதிவிட்டேன். இனி அவரைப் பற்றிப் பேசுகிறவர்கள் தயவுசெய்து சளி என்று சொல்லவேண்டாம், சந்தியாகு கயிற்றை விட்டான் என்று சொல்லுங்கள். எனக்கென்று நான் வைத்துக்கொள்வது அந்த ஆறு ஞாயிற்றுக்கிழமைகளை. என் கையிலிருந்து கயிறு ஓடுகிற சத்தத்தை, இருப்பதிலேயே நல்ல பெட்டியில், முழு ஒலியில் கேட்டுக்கொண்டு, ஒரு மனிதர் என் பக்கத்தில் உட்கார்ந்து கருப்பட்டிக் காப்பி குடித்தார். முதல் வாரம் நான் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஆறாவது வாரம் அவர் முகத்தைப் பார்த்தேன்.